கதிரையில் இருந்த கைகள்

1. குடைக்கும் ஓர் இடம்

நான் ஒரு நீர்ப்பாசனக் கந்தோரில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவன். எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது. வன்னியில் வேலையேற்ற முதல் நாளே சிறுபோகக் கூட்டம். வாய்க்காலின் எந்தப் பக்கத்துக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று கமக்காரர் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். எண்ணுவது என் வேலை. எனக்கு முன்பிருந்தவர் கற்றுத் தந்த தொழில்நுட்பம் ஒன்றே ஒன்றுதான்.

"கதிரையில இருக்கிற ஆக்களின்ர கையை மட்டும் எண்ணுங்கோ, தம்பி."

கதிரைகளில் இருந்தவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார், என்னைப்போல. பின்னால் நின்றவர்கள் மலையகத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள்; வாய்க்காலின் கடைசியில் விதைப்பவர்கள். அவர்களுக்குக் கதிரை போதாதாம். முன்வரிசைக் கதிரையொன்றில் கமக்காரர் சங்கத் தலைவரின் குடை சௌகரியமாக இருந்தது.

முன்பக்கத்துக்கு ஐந்து நாள், கடைசிக்கு ஒரு நாள். "ஏகமனதாக" என்று கூட்டப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடம் இப்படியே வெகு நேர்மையாக எண்ணினேன்.

2. மண்வெட்டி நாள்

மூன்றாம் வருடம் லட்சுமி அக்கா கந்தோருக்கு வந்தா. கடைசிப் பக்கத்தில் அவவுக்கு இரண்டு ஏக்கர். பூக்கும் நேரம் தண்ணீர் எட்டவில்லை. வெளுத்த நெற்கதிர் ஒன்றை என் மேசையில் வைத்தா. உள்ளே மணி இல்லை, வெறும் பதர்.

"கூட்டத்துல கையத் தூக்கினேன் சேர். நீங்க எண்ணல்ல."

பக்கத்தில் இருந்த தலைவர் சிரித்தார். "உவையளுக்கு மலை மழை பழகிப்போச்சு, சேர்."

லட்சுமி அக்கா பிறந்தது தலைவர் பிறந்த அதே ஆஸ்பத்திரியில். மலையைப் படத்தில்தான் கண்டிருக்கிறா. நான் சிரிக்கவில்லை, ஆனால் வாயையும் திறக்கவில்லை. உத்தியோகத்தில் அதற்குப் பெயர் நடுநிலைமை.

அடுத்த போகத்துக்கு வாய்க்கால் துப்புரவு வந்தது. வழமையில் வாய்க்கால் முழுவதையும் வெட்டுவது நின்றவர்கள்தான். அதற்குக் கதிரை தேவையில்லை. அன்று அவர்கள் தங்கள் துண்டை மட்டும் வெட்டிவிட்டு மண்வெட்டிகளைக் கழுவினார்கள்.

"மிச்சம் ஆர் வெட்டுறது?" என்று தலைவர் கத்தினார்.

லட்சுமி அக்கா என்னைத்தான் பார்த்தா. "எண்ணின கையெல்லாம் வந்து வெட்டட்டும், சேர்."

எண்ணின கைகள் வந்தன. தலைவர் மத்தியானத்துக்குள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டார். அடுத்த கூட்டத்தில் எங்கிருந்தோ கதிரைகள் முளைத்தன. குடை சுவரில் தொங்கியது. இரு பக்கமும் மும்மூன்று நாள் என்று முடிவானது.

லட்சுமி அக்கா மட்டும் கதிரையில் இருக்கவில்லை; நின்றபடியே கையைத் தூக்கினா. "இப்பிடியே எண்ணுங்க, சேர். பாப்பம்," என்றா. எண்ணினேன். வெட்கமாக இருந்தது.

இன்று இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: கையை எண்ணுவதற்கு முதல், நிற்பவர்கள் ஏன் நிற்கிறார்கள் என்று கேளுங்கள். நான் கேட்க மூன்று வருடம் எடுத்தது. அதற்குள் அவவின் இரண்டு ஏக்கர் ஏகமனதாகக் கருகிப்போனது. கூட்டப் புத்தகத்தில் இன்றும் அப்படித்தான் இருக்கும், கீழே என் கையெழுத்து.