மடையை அடைத்த காலை

குட்டைத் தண்ணீர் பச்சையாக மாறியதை, அதில் மீன் வளர்க்கும் அவளுக்கு முன்பே நான் பார்த்துவிட்டேன். என் கழனி வரப்பில் நின்றால் குட்டை நன்றாகத் தெரியும். முதலில் பயறு ஊறவைத்த தண்ணீர் போல லேசாக இருந்தது. நாளாக ஆகப் பெயின்ட் கரைத்தது போல அடர்ந்தது. ஏன் என்றும் எனக்குத் தெரியும். கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மண்ணில் இருப்பது செடிக்கும், செடியில் இருப்பது மண்ணுக்கும், மண் பிடித்துவைக்க முடியாதது தண்ணீருக்கும் போவதைக் கரும்பலகையில் வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஆனாலும் அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எல்லாம் வைக்கோலில் தொடங்கியது. இந்த வருடம் நவரைப் பட்டத்து நெல் அறுவடைக்கு வந்த மிஷின் வைக்கோலைக் கழனி முழுக்க இறைத்துவிட்டுப் போயிற்று. ஊரில் சிலர் அதைச் சுருட்டிக் கட்டி மாட்டுக்கு அனுப்பினார்கள், சிலர் கொளுத்தினார்கள். நான் டீக்கடையில் எல்லோரும் கேட்கும்படி ஒரு பிரசங்கம் செய்தேன். மண்ணிலிருந்து வந்தது மண்ணுக்கே போகவேண்டும் என்றேன். ரோட்டாவேட்டர் விட்டு அத்தனையையும் மடக்கி உழுதேன். அதில் தவறில்லை. அது மக்குவதற்கு அவகாசம் கொடுக்காததுதான் தவறு. அடுத்த பட்டமான சொர்ணவாரிக்கு விட்ட நாற்று முற்றிவிடும் என்ற அவசரத்தில் தண்ணீர் கட்டி உடனே நட்டேன். மக்காத வைக்கோலைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையெல்லாம் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதுவரை பயிர் பட்டினி கிடக்கும். தேர்வுக்கு நானே கேட்ட கேள்விதான் இது.

பயிர் மஞ்சளாயிற்று. சித்தப்பா மகன் வரப்பில் நின்று பார்த்தான்.

"இன்னாண்ணே, கயனிக்கு மஞ்சக்காமாலையா? கீழாநெல்லி அரைச்சி ஊத்திப் பாரு."

அன்று டீக்கடையில் எல்லோரும் அதையே சொல்லிச் சிரித்தார்கள். மறுநாள் உத்திரமேரூரிலிருந்து யூரியா வாங்கிவந்து, தேவைக்கு மேலேயே, தேங்கி நின்ற தண்ணீரில் வீசினேன். பயிர் சீக்கிரம் கரும்பச்சையாகக் கறுக்கவேண்டும், அந்தச் சிரிப்பு நிற்கவேண்டும். அவ்வளவுதான் என் நினைப்பு.

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. தண்ணீர் வரப்பின் தலை வரைக்கும் ஏறியது. வரப்பு உடைந்தால் நட்டது போய்விடும். மடையைத் திறந்தேன். டிகாக்ஷன் நிறத்தில் தண்ணீர் பாய்ந்து கால்வாயில் இறங்கியது. அந்தக் கால்வாய் குட்டையில்தான் போய் முடிகிறது. மழை விட்ட பிறகாவது அடைத்திருக்கலாம். கழனியில் அழுகல் வாடை அடித்தது. வடியட்டும் என்று விட்டுவிட்டேன்.

குட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். அது எப்போதும் எங்கள் பங்காளிகள் யாராவது ஒருவர் கையில்தான் இருக்கும். போன வருடம்தான் முதல் முறையாக, சாலைக்கு அந்தப் பக்கம் காலனியில் இருக்கும் மகளிர் குழுவுக்குப் பஞ்சாயத்தில் குத்தகை கிடைத்தது. குழுத் தலைவி அவள். அவளுடைய மாமனார் என் அப்பாவின் கழனியில் கூலி வேலை செய்தவர். இந்த ஒரு வருடம் சரியாக வரவில்லை என்றால் குட்டை மறுபடி எங்கள் பக்கம் வந்துவிடும். சித்தப்பா மகன் அதற்காகத்தான் காத்திருந்தான். அது ஊருக்கே தெரியும், அவளுக்கும் தெரியும்.

குட்டை பச்சையாகி அடர்ந்த பிறகு, இரண்டு நாள் வெயிலே இல்லாமல் மூட்டமாக இருந்தது. மூன்றாம் நாள் விடியும்போது எங்கள் கேட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"சார், மீனெல்லாம் மேல வந்து வாயத் தெறந்துகினு நிக்குது சார். போரு தண்ணி வுடுங்க சார், கால்வா வழியா வந்துடும்."

செருப்புகூடப் போடாமல் வந்திருந்தாள். நானும் அப்படியே ஓடினேன். பாசி பகலில் வெயில் இருந்தால் மூச்சுக்காற்றைக் கொடுக்கும், இரவில் அதையே எடுத்துக்கொள்ளும். மூட்டமான நாளில் கொடுப்பது குறையும், எடுப்பது குறையாது. விடியற்காலையில் தண்ணீரில் எதுவும் மிஞ்சியிருக்காது. எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு நிமிடமும் மீன் சாகும் என்பதும் புரிந்தது.

இனி எழுதப்போவதை அன்று என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

குழுப் பெண்கள் கால்வாயில் கிடந்த செத்தையை அள்ளிக்கொண்டே கீழிருந்து மேலே வந்துகொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் என் கழனிக்கு வந்துவிடுவார்கள். திறந்த மடையையும் அதிலிருந்து கசியும் பழுப்புத் தண்ணீரையும் பார்ப்பார்கள். மோட்டார் கொட்டகை என் வலது கைப்பக்கம், மடை இடது கைப்பக்கம். நான் இடது பக்கம் போனேன். குனிந்து சேற்றை அள்ளி அள்ளி மடையை அடைத்தேன். அழுத்திப் பூசினேன். பழைய அடைப்பு போலத் தெரியவேண்டும் என்று மேலே புல்லைப் பிடுங்கி வைத்தேன். அதற்குப் பிறகுதான் போய் மோட்டாரைப் போட்டேன். கெட்ட தண்ணீரை முதலில் நிறுத்துவதுதான் முறை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முறைதான். புல் எதற்கு?

பிறகு என் ஆயில் இன்ஜினைத் தூக்கிப்போய்க் குட்டைக் கரையில் வைத்தோம். குட்டைத் தண்ணீரையே உறிஞ்சி மேலே பீச்சி மழை போல விழவைத்தோம். பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மூங்கிலால் அடித்தார்கள். வெயில் ஏறியபோது பாதி மீன் பிழைத்திருந்தது. மீதி, வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையோரம் ஒதுங்கியது.

சித்தப்பா மகன் அதற்குள் வந்துவிட்டான்.

"சாணியக் கொட்டிக் கொட்டிக் குட்டையக் கெடுத்துட்டாளுங்க. மீனு வளக்கறதுன்னா இன்னா கோயி வளக்கற மாரி நெனச்சிக்கினாங்களா?"

"மீன் தீனிக்குன்னு அளவாத்தான் போட்டோம்" என்றாள் அவள். "ஆபீசரு சொன்ன அளவு."

"அண்ணே, நீ படிச்சவன். நீயே சொல்லு. சாணி ஜாஸ்தியாப் பூட்டா மீனு சாவுமா சாவாதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். என் நகக்கண்ணில் சேறு இருந்தது.

"சாகும்" என்றேன்.

அது பாடப்புத்தகத்தில் உள்ள உண்மை. ஆனால் அவன் கேட்டதற்குப் பதில் அதுவல்ல. அவள் செத்த மீன்களைக் கூடையில் அள்ளத் தொடங்கினாள். எங்கே புதைப்பது என்று பெண்களுக்குள் பேச்சு வந்தது. என் கழனியின் மேற்கு மூலையில், நாற்று அழுகிக் காலியாகக் கிடந்த இடத்தில் புதைக்கச் சொன்னேன். பெரிய மனசு என்றார்கள்.

மத்தியானம் உயிரோடு இருந்த ஒரு கட்லாவைக் கொண்டுவந்து என் மனைவியிடம் கொடுத்தாள். "சார் இன்ஜின் குடுக்கலன்னா ஒண்ணுகூட தேறியிருக்காது."

மனைவி குழம்பு வைத்தாள். நான் வீசியது தண்ணீருக்குப் போய், பாசியாகி, மீனாகி, என் தட்டுக்கே வந்திருந்தது. சாப்பிட்டேன். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாளே. பாதியில் எழுந்துவிட்டேன்.

"ஏங்க, முள்ளு ஏதாவது குத்திக்கிச்சா?"

"இல்லை" என்று கை கழுவப் போனேன்.

மறுநாள் குட்டைக் கரையில் அவள் தனியாக இருந்தபோது போய்ச் சொன்னேன். வைக்கோல், யூரியா, மழை, மடை, கடைசியாகப் புல். கடைசிவரை கேட்டாள்.

"நேத்து அந்தாளு கேட்டப்ப இது வாயில வரலியா?"

"வரவில்லை."

"என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? குட்டைய எடுக்கணும்னு ஞாயித்துக்கெயம கூட்டம் வெச்சிக்கீறாங்க. அங்க வந்து சொல்லு."

அந்த ஞாயிறு வரைக்கும் எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. சித்தப்பா மகன் வீட்டுக்கே வந்து, "நீ சாணி மேட்டர மட்டும் சொல்லுண்ணே, மீதிய நான் பாத்துக்கறேன்" என்றான். தலையாட்டினேனா இல்லையா என்று எனக்கே நினைவில்லை.

பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் கூட்டம். எழுந்து நின்றேன். குட்டை கெட்டது சாணியால் அல்ல, என் கழனித் தண்ணீரால் என்று சொன்னேன்.

"அண்ணே, வெயில்ல வந்துட்ட. வூட்டுக்குப் போய் மோர் குடி" என்றான் சித்தப்பா மகன். சிலர் சிரித்தார்கள். யூரியா பயிரைக் கறுக்கவைக்கும், மீனை எப்படிக் கொல்லும் என்றார் ஒருவர். விளக்கினேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. அப்போதுதான் மடையை அடைத்ததையும் அதன்மேல் புல் வைத்ததையும் சொன்னேன். சிரிப்பு நின்றது. பாசி புரியாதவர்களுக்கும் புல் புரிந்தது.

அவள் பெண்களுக்கு நடுவிலிருந்து எழுந்தாள்.

"இன்னொரு தபா சொல்லு சார். பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கல."

சத்தமாக மறுபடி சொன்னேன்.

குட்டை குழுவிடமே இருக்கிறது. சித்தப்பா மகன் என்னோடு பேசுவதில்லை. அவளும்தான். தினமும் காலையில் குட்டைக்குப் போகும் வழியில் என் வரப்பில் ஏறி, மடை அடைத்திருக்கிறதா என்று காலால் மிதித்துப் பார்த்துவிட்டுப் போகிறாள். அவள் போகும்வரை நான் மோட்டார் கொட்டகையை விட்டு வெளியே வருவதில்லை.

பயிர் இப்போது தேறிவிட்டது. மேற்கு மூலையில், மீன் புதைத்த இடத்தைச் சுற்றி மட்டும் நெல் கருகருவென்று, மற்றதைவிட ஒரு சாண் உயரமாக நிற்கிறது. மடையை மிதித்த பிறகு அவள் அங்கேயும் ஒரு தடவை பார்க்கிறாள். அறுவடைக்கு மிஷின் வரும்போது அந்த மூலையில் விளைந்த நெல் யாருக்கு என்று அவளிடம் கேட்கவேண்டும். இன்னும் கேட்கவில்லை.