மரத்துப்போன என் வலது கை

அன்பானவர்களே, ஆண்டவர் செய்ததை எனக்குள்ளேயே வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. நான் முத்தியால்பேட்டையில் இருக்கிறேன். பக்கத்திலேயே இருக்கிற மேட்டுப்பாளையத்தில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை.

போன வருஷம் அக்டோபர் மழையில், வலது கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போக ஆரம்பித்தன. தூக்கத்தில் எரிச்சல் எழுப்பிவிடும். கையை உதறினால் கொஞ்சம் அடங்கும். மழைக் குளிர் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் என் ஏழு மாதக் குழந்தை எஸ்தர் அந்தக் கையிலிருந்து நழுவி மெத்தையில் விழுந்தாள். அவள் சிரித்தாள், நான் அழுதேன்.

என் மாமனார் பக்கவாதத்தில் படுத்தவர். எனக்கும் அதுதான் என்று முடிவு கட்டிவிட்டேன். டாக்டர் அதை வாயால் சொல்லிவிடுவாரோ என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. பிள்ளையையும் தூக்கவில்லை. வேலை விட்டு வந்ததும் இரண்டு கையையும் நீட்டுவாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். பிள்ளை வேலை எல்லாம் அவர் தலையில். பால் கொடுப்பது ஒன்றுதான் பாக்கி, அதையும் கற்றுக்கொள்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அதற்கும் அழுகை வரும்.

ஞாயிறு ஆராதனையில் கைகளை உயர்த்தித் துதிப்போம். உயர்த்திய கொஞ்ச நேரத்தில் வலது கை மரத்துவிடும். இறக்கி உதறுவேன், மறுபடி உயர்த்துவேன். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்குகிறது என்று நினைத்து, சுற்றி இருந்தவர்கள் இன்னும் சத்தமாகத் துதித்தார்கள். எனக்கே அப்படித்தானோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு ஞாயிறு, என் பிள்ளையை நான் தூக்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்று ஆண்டவரிடம் கேட்டபடி உதறிக்கொண்டிருந்தேன். எங்கள் சபைப் பாஸ்டரம்மா வந்து கையைப் பிடித்தார். ஜெபிக்கப் போகிறார் என்று கண்ணை மூடினேன்.

"இது அபிஷேகம் இல்லம்மா. எந்த விரல் மரத்துப் போவுது? சுண்டுவிரல் நல்லா இருக்குதா?"

நன்றாக இருக்கிறது என்றேன். மாசமாக இருந்தபோது அவருக்கும் இப்படியே வந்ததாம். சுண்டுவிரல் மட்டும் தப்பினால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துவதுதான், கார்பல் டனல் என்பார்கள், டாக்டரிடம் காட்டலாம் என்றார். மறுநாள் அவரே கூட வந்தார். நரம்புப் பரிசோதனையில் அதுவேதான், பக்கவாதம் இல்லை. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காதபடி பட்டை போடவும், வேலைக்கு நடுவே கைக்கு ஓய்வு கொடுக்கவும் டாக்டர் சொன்னார். பிறகு ஓர் ஊசியும் போட்டார். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் கட்டைவிரல் சதை வற்றி, ஆபரேஷன் வரை போயிருக்கும் என்றார்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு எஸ்தரை நானே தூக்கிக்கொண்டு போனேன். எனக்காகத்தான் உங்களுக்கு அந்த நோவு வந்ததோ என்று பாஸ்டரம்மாவிடம் கேட்டேன். "ரொம்பத்தான்" என்று சிரித்தார்.

கை மரத்துப்போனால் பயந்து மூடி மறைக்காதீர்கள். ஜெபியுங்கள், டாக்டரிடமும் காட்டுங்கள். என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார். எஸ்தர் இப்போது நடக்கிறாள். தூக்கினால் திமிறி இறங்கி ஓடுகிறாள். விடுவேனா, துரத்திப் பிடித்துத் தூக்குகிறேன். ஸ்தோத்திரம்.