பூக்கார அக்கா சொன்ன குறை

இரண்டு வருடங்களுக்கு முன்பு திண்டுக்கல்லில், எங்கள் தெருவில் நடந்தது இது. நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். பத்துப் பெண்கள் சேர்ந்த கடன் குழுவுக்கு நான்தான் தலைவி. பழைய கிரைண்டர் ஒரேயடியாக நின்றுபோனதால், புதிது வாங்க இரண்டாவது கடனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்த நேரம் பார்த்துத்தான், அவர்களுடைய சேவை எங்களுக்குத் திருப்தியா என்று விசாரிக்க, கடன் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் வரப்போவதாகத் தகவல் வந்தது.

குறை சொன்னால் கடன் போய்விடும் என்று எனக்குப் பயம். முதல் நாளே எல்லோரையும் கூட்டி, "என்ன கேட்டாலும் ரொம்ப திருப்தின்னு சொல்லணும்" என்று பாடம் நடத்தினேன். அதன் லட்சணம் மறுநாள் தெரிந்தது. "ஏதாவது சிரமம் இருக்கா?" என்று அந்தப் பெண் கேட்க, "ரொம்ப திருப்தி!" என்று ஒரே குரலில் கத்தினோம். அவள் பேனாவை மூடிவிட்டுச் சிரித்தாள்.

அப்போதுதான் குழுவில் இருந்த பூக்கார அக்கா வாயைத் திறந்தார். "தவணை கட்டுற அன்னிக்குக் காலையில ஒருத்தி பணம் கொண்டு வரலேன்னா, அவ வார வரைக்கும் அம்புட்டு பேரையும் உக்கார வைக்கிறாக. அதுக்குள்ள என் பூவெல்லாம் வாடிப் போகுது தாயி."

விசாரிக்க வந்தவள் போனதும், "என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேக்கா!" என்று தெருவே பார்க்கக் கத்தினேன். அவர் பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு போனார்.

இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. பிறகு வசூலுக்கு வரும் தம்பி வந்தார். "அக்கா, உங்க கடன் பாஸாயிருச்சு. இனிமே பணம் கட்டுனவுக உடனே கெளம்பலாம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாக. இந்தக் குறைய மேல சொல்ல முடியாம நானே தவிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அப்பாடா என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நேராகப் பூக்கார அக்காவிடம் போனேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "ரெண்டு முழம் குடுக்கா" என்றேன். மூன்று முழம் அளந்து கொடுத்துவிட்டு, "கிரைண்டர் எப்ப வருது?" என்று மட்டும் கேட்டார். வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புது கிரைண்டரில் முதலில் அரைத்த மாவு அவர் வீட்டுக்குத்தான் போனது. பயத்தில் நான் அடைக்கப் பார்த்த வாய்தான் எங்கள் பத்துப் பேருக்கும் காலைப் பொழுதை மீட்டுக் கொடுத்தது என்பதை, இன்றும் ஸ்விட்ச் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.