ஐஸ் அச்சில் அப்பாவின் சுருட்டு

குச்சி ஐஸ் செய்கிற தகர அச்சுக்குள் ஒரு சுருட்டு அளவெடுத்துச் செய்ததுபோல் உட்காரும். பாலித்தீன் உறை போட்டு, வாயை நூலால் இறுக்கிக் கட்டி, மோட்டார் குளிரவைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டிக்குள் அச்சை இறக்கிவிட்டால், வரிசையாக நிற்கும் சுருட்டுகளைப் பார்க்கிறவர்கள் ஏதோ புது ஐஸ் வந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். போன மாதம் என் மகன் போனைப் பார்த்துக்கொண்டே, “அம்மா, வெளிநாட்டுல சுருட்ட ஃப்ரீசர்ல வெக்கிறாங்களாம். ருசி மாறும்னு பாதிப் பேரு, மாறாதுன்னு பாதிப் பேரு, ஒரே சண்ட” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த வழக்கு கள்ளக்குறிச்சியில், சேலம் சாலை ஓரத்து ஐஸ் கம்பெனி ஒன்றில் தீர்ந்துபோய் எத்தனையோ வருஷமாகிறது. தீர்ப்புச் சொன்னவர் என் அப்பா. அந்த வழக்கில் மாட்டிக்கொண்டு நின்றது சுருட்டு மட்டுமல்ல, நானும்தான்.

அப்பா ரிஷிவந்தியத்தில் சொந்த நிலத்தில் கரும்பும் நெல்லும் பயிர்செய்தவர். பாதி உடம்பை அம்மனுக்குக் கொடுத்த அர்த்தநாரீஸ்வரரைத் தினமும் கும்பிடுவார். வீட்டில் அம்மாவுக்குப் பாதிப் பேச்சுகூடக் கொடுத்ததில்லை. விளைச்சல் எவ்வளவு என்று கேட்டால் குறைத்துச் சொல்வார், வயதைக் கேட்டால் கூட்டிச் சொல்வார், உடம்புக்கு என்னவென்று டாக்டர் கேட்டால் ஒன்றுமில்லை என்பார். அவர் பொய் சொல்லாத விஷயம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது சுருட்டு. திருச்சிப் பக்கமிருந்து வரும் லாரிக்காரர்கள் உளுந்தூர்பேட்டையில் ஒரு கடையில் சுருட்டுக் கட்டுகளை இறக்கிவிட்டுப் போவார்கள். அப்பா அங்கே போய்க் கட்டைப் பிரிக்காமலே மோந்து பார்த்து, “இது மழத்தண்ணி பட்டது, வேற குடு” என்பார். கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் வேறு கட்டு எடுத்துத் தருவார். பஞ்சாயத்தில் அப்பாவின் சாட்சியை ஒருவரும் நம்பமாட்டார்கள், சுருட்டு விஷயத்தில் மட்டும் அவர் சொன்னதுதான் சட்டம்.

என்னைக் கட்டிக்கொடுத்தது கள்ளக்குறிச்சியில். என் வீட்டுக்காரருக்கு ஒரு சின்ன ஐஸ் கம்பெனி. பின்பக்கம் வீடு, முன்பக்கம் தொட்டியும் மோட்டாரும். மாமனார் மாமியார் இல்லாத வீடு என்று பெண் கொடுக்கும்போது எல்லாரும் இரக்கப்பட்டார்கள், நான் இரக்கப்படவில்லை. கல்யாணமான புதிதில் சும்மா வேடிக்கை பார்க்கத்தான் தொட்டியருகே போனேன். அப்புறம் எசென்ஸ் அளவு சொல்ல ஆரம்பித்தேன். அப்புறம் சேமியா ஐஸில் சேமியா போதவில்லை என்று சண்டை போட்டேன். கடைசியில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அச்சைத் தூக்கி வெந்நீரில் முக்கி ஐஸ் உருவுகிற ஆளாகவே ஆகிவிட்டேன். விடிந்ததும் சைக்கிள்காரர்கள் பெட்டியோடு வரிசையில் நிற்பார்கள், “அண்ணி, இன்னிக்கி திராட்ச ஜாஸ்தியா குடுங்க” என்பார்கள். பிறந்த வீட்டில் என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. இங்கே திராட்சை எத்தனை, பால் எத்தனை என்று நான் சொல்வதுதான் நடந்தது. உப்புத் தண்ணீரில் கை வெடித்தது உண்மைதான், ஆனால் அந்தக் கையை எனக்குப் பிடித்திருந்தது.

அந்தக் கையைத்தான் ஊர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டுப் போய் அப்பாவிடம் வத்தி வைத்துவிட்டார். இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலம் அது. எப்போது பஸ் ஓடும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கலவரத்திலும் அப்பா மஞ்சள் பையோடு வந்து இறங்கினார். பையில் ஒரு வேட்டி, ஒரு துண்டு, ஒரு கட்டுச் சுருட்டு. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். “இன்னாடி இது, கை இப்பிடி கீது? நாலு ஆள வெச்சி வேல வாங்குன வூட்டுப் பொண்ணு, நீ போயி ஐஸ் அடிச்சிக்கினு கீறியா? கெளம்பு.” என் வீட்டுக்காரர் “வாங்க மாமா” என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அப்பா தண்ணீரை வாங்கிக் குடித்தார், கொடுத்தவரைப் பார்க்கவில்லை. “அடுத்த பஸ்ஸுல நாம போறம்னு அவருகிட்ட சொல்லு” என்றார். அவர் ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த பஸ் வரவில்லை. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்துவிட்டார்கள். கடைகள் மூடிக்கிடந்தன, ஹோட்டல்களும்தான். அப்பாவுக்குப் போராட்டத்தின் மேல் முழு அனுதாபம். “நம்ம புள்ளைங்களுக்கும் வேல வேணுமில்ல? கேட்டாத்தான் குடுப்பான்” என்பார். அடுத்த மூச்சிலேயே, “ஆனா ரிஷிவந்தியம் ரோட்ட உட்டுட்டு மத்த ரோட்ட வெட்டியிருக்கலாம்” என்பார். நடந்து போகலாமென்றால் முழங்கால் இடம் கொடுக்காது. இதில் பெரிய சிக்கல் சாப்பாடு. பேரப்பிள்ளை பிறக்கிற வரைக்கும் பெண் கொடுத்த வீட்டில் கை நனைக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சிலர் வைத்திருக்கும் கட்டுப்பாடு. அப்பா அதில் ஒரு படி மேலே போய், பெண் கொடுத்த ஊரிலேயே எந்த வீட்டிலும் சாப்பிடமாட்டேன் என்று வைத்திருந்தார். காசு கொடுத்து ஹோட்டலில் சாப்பிடலாம், தண்ணீர் குடிக்கலாம், மற்றதெல்லாம் கூடாது. நான் சோறு வடித்து, கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, வேண்டுமென்றே அவர் மூக்குக்கு எதிரே தாளித்தேன். மனுஷன் அசையவில்லை. சுருட்டு ஒன்றை எடுத்துப் பற்ற வைத்துக்கொண்டு, “எனுக்கு இதுவே போதும்” என்றார்.

அதுவும் போதாது என்பது இரண்டாவது இழுப்பில் தெரிந்துவிட்டது. சுருட்டின் நுனியில் வரவேண்டிய புகை நடுவிலிருந்து வந்தது. பார்த்தால் உடம்பெல்லாம் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. கட்டைத் தட்டினால் பொடி கொட்டுகிறது, பொடியோடு சின்னச் சின்னப் பழுப்பு வண்டு ஓடுகிறது. புதுக் கட்டு வாங்க ஊரில் கடை திறந்திருக்கவில்லை. அப்பா ஓட்டைகளை விரலால் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு, நாதஸ்வரம் வாசிக்கிறவர் மாதிரி கன்னம் உப்ப இழுத்துப் பார்த்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை. என் வீட்டுக்காரர் மோட்டாரைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டார், அங்கேயிருந்து அவர் இருமுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

எங்கள் கம்பெனியில் சேமியாவில் வண்டு விழுந்தால் பாக்கெட்டோடு ஐஸ் பெட்டியில் போட்டுவிடுவோம். குளிரில் வண்டு செத்துவிடும், சலித்துவிட்டுப் பயன்படுத்துவோம். அதே வைத்தியத்தைச் சுருட்டுக்குச் செய்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதிகம் ஓட்டை விழாத சுருட்டுகளாகப் பொறுக்கி, உறை போட்டு, காலி அச்சில் இறக்கினேன். அப்பா எட்டிப் பார்த்தார். மகள் ஐஸ் வேலை செய்கிறாள் என்று சண்டைக்கு வந்த மனிதர், சுருட்டும் ஐஸ் வேலைக்குப் போய்விட்டதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். பொறுமையும் இல்லை. நான் அந்தப் பக்கம் போன நேரத்தில் ஒன்றை உருவி, விறைத்துக் கிடந்ததை அப்படியே நெருப்பில் காட்டினார். மேல் இலை படபடவென்று வெடித்து விரிந்தது. மேலே வியர்த்த ஈரத்தில் நெருப்பு ‘ஸ்ஸ்’ என்றது. ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத் துப்பினார். “செத்துப்போச்சி” என்றார். “பாத்தியா, ஐஸு தொட்டது எதுவும் வெளங்காது. சுருட்டே இந்தக் கெதின்னா பொண்ணு இன்னாவா ஆவும்? ரோடு தொறந்ததும் கெளம்பற.” அந்த ஒரு பாழாய்ப்போன சுருட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தீர்ப்பே சொல்லிவிட்ட மாதிரி பேசினார். பயமாக இருந்தது. அப்பா ஒன்றைச் சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் அது முடிந்த கதை.

மறுநாள் காலையில் கரண்ட் போய்விட்டது. எங்கேயோ ஒரு மரம் கம்பியின் மேல் விழுந்திருக்கிறது என்றார்கள். எங்கள் பெட்டிகள் நிறைய ஐஸ் இருந்தது. மலைமேல் கரியாலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவுக்கென்று அடித்து வைத்தது, வண்டி போக வழியில்லை. மத்தியானத்துக்குள் எல்லாம் நெகிழ ஆரம்பித்தது. தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தோம். அப்பா ஓரமாக உட்கார்ந்து வயிற்றைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர், பேசினால் அளந்து பேசுவார். என்னைப் பார்த்து, “மாமாகிட்ட கேளு, தண்ணி குடிக்கலாமில்ல? ஐஸு இன்னா, கட்டியான தண்ணிதான?” என்றார். அப்பா கொஞ்சம் யோசித்தார். சாஸ்திரத்தில் இதற்குத் தடை இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. ஒரு திராட்சை ஐஸ் எடுத்தார். அது தண்ணீர், நிறம் போட்ட தண்ணீர். அடுத்து ஒரு பால் ஐஸ். பாலிலும் தண்ணீர்தானே முக்கால்வாசி என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. அதற்கப்புறம் அவர் கை சேமியா ஐஸ் பெட்டிக்குள் போயிற்று. தண்ணீரை யாரும் மெல்லமாட்டார்கள். அப்பா மென்றார். கண்ணை மூடி, தாடை அசைய, குச்சியைச் சப்பி எறிந்துவிட்டு இன்னொன்று எடுத்தார். அப்புறம் இன்னொன்று. நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பட்டினி கிடந்த அப்பாவின் வயிற்றில் ஏதோ போகிறதே என்று நான் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

சுருட்டுகள் தொட்டியிலேயே கிடந்தன. மோட்டார் நின்றுபோனதால் உப்புத் தண்ணீர் மெதுவாகக் குளிர் விட்டது, சுருட்டுகளும் அவசரமில்லாமல் அதோடு சேர்ந்து குளிர் விட்டன. நானாகச் செய்திருந்தால் அவ்வளவு பக்குவம் வந்திருக்காது. அடுத்த நாள் உறையைப் பிரித்து எடுத்தபோது ஈரமில்லை, வெடிப்பில்லை, வண்டெல்லாம் செத்து உறையின் அடியில் கிடந்தது. அன்றைக்குத்தான் மரங்களை இழுத்துப் போட்டு வழி விட்டார்கள். ரிஷிவந்தியம் பஸ் கிளம்பப் போகிறது என்று யாரோ வந்து சொன்னதும் அப்பா மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். “துணிய எடு” என்றார் என்னிடம்.

நான் துணியை எடுக்கவில்லை. ஒரு சுருட்டை எடுத்து நீட்டினேன். “இத ஒண்ண இழுத்துப் பாத்துட்டு சொல்லுப்பா. ருசி மாறியிருந்தா, ஐஸு தொட்டா வெளங்காதுன்னு நீ சொன்னது சரி, நா வரேன். மாறலன்னா, குளுருல வெச்சா எதுவும் மாறாதுன்னு ஆவுது. அப்ப நேத்து நீ மென்னதும் மாறல. அது தண்ணியும் இல்ல ஐஸும் இல்ல, எங்க வூட்டு சேமியா பாயசம்.”

அப்பாவின் முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் அப்படிப் பார்த்ததில்லை. மாறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கட்டுப்பாடும் உடையாமல் நிற்கும், மகளும் கூட வருவாள். சுருட்டை வாங்கி மோந்து பார்த்தார். பற்ற வைத்தார். முதல் இழுப்பை வாயில் வெகுநேரம் வைத்திருந்து விட்டார். புகை கூரையைப் பார்த்து நேராகப் போயிற்று. என் வீட்டுக்காரர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நான் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அப்பா இன்னொரு இழுப்பு இழுத்தார், சுருட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், குறை கண்டுபிடிக்க எவ்வளவோ முயன்றார். பஸ் ஹாரன் அடித்தது. பாதிச் சுருட்டு தீர்கிற வரைக்கும் அவர் இழுத்தார்.

“மாறல” என்றார்.

வெளியே பஸ் இன்னொரு தடவை ஹாரன் அடித்தது. அப்பா மஞ்சள் பையைக் கீழே வைத்தார். வந்ததிலிருந்து முதல் தடவையாக என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். “மாப்ள, தின்னது தின்னாச்சி. அப்பறம் இன்னா, அரப் பட்டினி கெடக்கறதுல அர்த்தம் இல்ல. கையலம்ப தண்ணி குடுங்க.”

நான் பதறிப்போய், “பஸ்ஸு போயிடும்பா” என்றேன்.

“போவட்டும்” என்றார் அப்பா, காலை மடக்கி உட்கார்ந்துகொண்டே. “நாளிக்கி நான் மட்டும் போய்க்கிறேன். நீ எலயப் போடு.”