வெள்ளச்சிக்குத் திருப்பித் தர வேண்டிய பை

காலை பத்தே முக்காலுக்குத் தகவல் வந்தது. ஜெயசுதா முறத்தை மடியில் வைத்து அந்தப் பக்கம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். போனில் நடத்துநர் பாண்டியன்.

"அண்ணி, அண்ணன் வெள்ளிமலையில வண்டிய ஓரங்கட்டி ஹேண்ட் பிரேக் போட்டாரு. எறங்கி பெஞ்சுல உக்காந்தாரு. அப்பறம் எழுந்திருக்கல அண்ணி."

அவள் கணவர் சிவசங்கர் கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைக்குப் பேருந்து ஓட்டியவர். வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒடித்து ஒடித்து இடுப்பு போயிருந்தது. மருத்துவர் சொன்னாரென்று யோகா கற்றுக்கொண்டார். விடியும்போதே மொட்டைமாடியில் கோரைப்பாயை விரித்துவிடுவார். ஊரெல்லாம் கிழக்கே பார்த்துச் செய்யும் சூரிய நமஸ்காரத்தை இவர் மேற்கே மலையைப் பார்த்துச் செய்வார்.

"சூரியன் அந்தாண்ட இருக்குது. நீங்க இன்னா, அதுக்கு முதுகக் காட்டிகினு?"

"மலை உச்சியிலதான் மொத வெயிலு வுழுது. அதப் பாத்தாத்தான் எனக்கு விடிஞ்ச மாதிரி."

எல்லாம் முடிந்ததும் கைகால்களைத் தளர்த்தி மல்லாந்து படுப்பார். "பொணமாட்டம் படுக்காதீங்க, பாக்கவே நல்லால்ல" என்று அவள் அதட்டுவாள். அவர் கண்ணைத் திறக்காமல் அன்றைக்கு யாருக்காவது வாய்விட்டு நன்றி சொல்வார். அவருடைய வாயில் அது 'தேங்ஸு'. ஏற்றத்தில் மக்கர் செய்யாமல் விழுந்த ரெண்டாவது கியருக்கு ஒரு நாள். மழை விட்ட பிறகு கருத்து நின்ற பாறைக்கு ஒரு நாள். திருப்பூரிலிருந்து போன் செய்த மகள் சுபலட்சுமிக்கு ஒரு நாள்.

"காப்பி போட்டுக் குடுக்கறவளுக்குக் கெடையாதா?"

"வூட்டு ஆளுக்கு எவனாச்சும் தேங்ஸ் சொல்லுவானா? போடி."

மலையில் சாமை அறுப்பு முடிந்ததும் மலைக் கிராமத்து வெள்ளச்சியிடமிருந்து ஒரு துணிப்பை வரும், நிறையப் புதுச் சாமையோடு. வெள்ளச்சியின் மகள் சந்தியா கல்லூரிக்கு அவர் பேருந்தில் இறங்கி வருபவள். அவள் மேட்டிலிருந்து ஓடி வருவது தெரிந்தால், பயணிகள் முணுமுணுத்தாலும் சிவசங்கர் வளைவில் வண்டியை நிறுத்திக் காத்திருப்பார். அதற்குத்தான் அந்தச் சாமை. வந்த பையை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது என்பது இரண்டு வீட்டிலும் வழக்கம். இங்கிருந்து உரித்த மல்லாட்டைப் பயிறு போகும்.

இந்த ஐப்பசியில் வந்த பை ஆணியிலேயே தொங்கியது. அவர் கேட்கும்போதெல்லாம், "உரிச்சுத் தரேங்க. மலை இன்னா ஓடியா போவுது?" என்றாள்.

அன்று காலை அவர் பாயில் படுத்தபடியே சொன்னார்: "இன்னிக்கு உனக்குத்தான் தேங்ஸு."

அவளுக்கு முகமெல்லாம் சூடேறிவிட்டது. "இன்னாங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே டூட்டிக்குக் கிளம்பிப் போனார். போனதும் அவள் முதல் வேலையாக முறத்தை எடுத்தாள். சாயங்காலம் அவர் வந்ததும் பையை நிறைத்து எதிரில் வைத்துவிட வேண்டும். வாயால் சொல்ல வராததற்கு அதுதான் பதில் என்று நினைத்துக்கொண்டு உரித்தாள்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் வெள்ளச்சி கணவன் சடையனோடு மலையிலிருந்து வந்தாள். துக்க வீட்டில் யாரையும் 'வாங்க' என்று அழைப்பதில்லை. வந்தவர்களும் 'போயிட்டு வரேன்' என்று சொல்லிக்கொள்வதில்லை. வெள்ளச்சி வந்து ஜெயசுதாவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"புது டிரைவரும் சந்தியா பாப்பாவுக்காவ நின்னாராம் அக்கா. பாண்டியன் சொல்லி வச்சிருக்காரு. பாப்பாதான் அண்ணன் உக்கார்ற சீட்டப் பாத்துட்டு அழுதுகினே போச்சாம்."

பிறகு அவளும் சடையனும் எழுந்தார்கள். வழக்கப்படி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்கள். தெருமுனை வரைக்கும் ஜெயசுதா பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

"வெள்ளச்சி! தேங்ஸு! போயிட்டு வா!"

நாத்தனார் மகேஸ்வரி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "இன்னா அண்ணி இது, சாவு வூட்டுல போயி 'வா'ன்னு சொல்லிகினு? ஜனங்க இன்னா பேசும்?"

"பேசட்டும் மகேசு. சொல்ல வேண்டிய அன்னிக்குத்தான் சொல்லாம வுட்டுட்டேன்."

மகேஸ்வரி கையை விட்டாள். தெருமுனையில் வெள்ளச்சி நின்று, ஒரு முறை திரும்பித் தலையசைத்துவிட்டுப் போனாள்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போய்விட்டார்கள். இப்போது விடியலில் ஜெயசுதா மாடிக்குப் போகிறாள். ஆசனம் எதுவும் அவளுக்குத் தெரியாது. பாயை விரித்து, மேற்கே பார்த்து உட்கார்கிறாள், உச்சியில் வெயில் விழும் வரைக்கும். பிறகு இறங்கி வந்து காப்பி போடுகிறாள், ஒருவருக்கு மட்டும்.

வெள்ளச்சியின் பை ஆணியில் தொங்குகிறது. முறத்தில் பாதி மல்லாட்டை இன்னும் உரிக்காமல் கிடக்கிறது.