அவள் பெயரில் ஒரு கதை

ஐம்பதுகளின் கடைசியில் நான் ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திருச்சிக்குப் போய் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். சாயங்காலம் வீடு திரும்பியதும் கதை எழுதுவேன். திருப்பி அனுப்பத் தபால்தலையும் வைத்துப் பத்திரிகைக்கு அனுப்புவேன். போன வேகத்தில் வந்துவிடும். "வந்துடுச்சு சார்" என்று தபால்காரர் உறையை நீட்டுவார், ஏதோ கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை திரும்பி வந்ததுபோல.

ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் ஒரு வழி சொன்னார். "பொம்பளை பேர்ல அனுப்பிப் பாருங்க சார். இப்ப நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க."

மனைவியிடம் கேட்டேன். அரிசி களைந்துகொண்டே, "தாராளமாப் போட்டுக்கோங்கோ" என்றாள். அதுவரை அவளை "இந்தா" என்றுதான் கூப்பிட்டு வந்தேன். அவள் பெயரை முழுசாக எழுதியது அன்றுதான்.

கதை பிரசுரமாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் வீதியில் ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. கோயிலில் பெண்கள் இவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "இத்தனை வேலைக்கு நடுவில எப்படி மாமி எழுதறேள்?" நான் துளசியும் தேங்காய் மூடியுமாகப் பின்னால் நின்றேன். எதிர்வீட்டு மாமா என்னிடமே வந்து, "உம்மாத்துல சரஸ்வதியே குடியிருக்கா. நீரும் ஏதாவது எழுதிப் பாரும் ஓய்" என்றார். உண்மையைச் சொன்னால், பெண்டாட்டி பெயருக்குப் பின்னால் ஒளிந்தவன் என்று சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இன்னொரு கதை கேட்டுப் பத்திரிகையிலிருந்து அவள் பெயருக்குக் கார்டு வந்தது. உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. எதை எழுதினாலும் புகழ் அவளுக்குத்தானே என்று மனசு முரண்டு பிடித்தது. நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நாலைந்து தாள்களைக் கொண்டுவந்து வைத்தாள்.

"நீங்க தவிக்கறதைப் பார்க்க முடியலை. ஏதோ கிறுக்கியிருக்கேன். இதை உங்க பேர்லயே அனுப்பிடுங்கோ."

கொள்ளிடத்தில் துணி துவைக்கப் போகும் இரண்டு ஓரகத்திகளின் கதை. பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் நனைந்த புடவையை ஆளுக்கொரு முனை பிடித்துச் சேர்ந்து பிழிகிறார்கள். படித்து முடித்தபோது எனக்கு வந்த பொறாமை, அதற்கு முன் யார்மேலும் வந்ததில்லை. வீதியின் புகழ்கூட அப்போது பெரிதாகத் தெரியவில்லை. இந்தப் புடவை எனக்கு ஏன் தோன்றவில்லை?

தலைப்புக்குக் கீழே இடம் காலியாக இருந்தது.

"பேர் எழுதலையே?"

"ஆத்துக்காரர் பேரை நான் எப்படி எழுதறது? நீங்களே எழுதிக்கோங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேனாவைத் திறந்தேன். என் பெயரைப் போட்டால் போதும், வீதி முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்கும். ஆனால் ஒவ்வொரு பாராட்டும் அந்தப் புடவைக்குத்தான் வரும், அது என்னுடையதில்லை. எரிச்சலோடு அவள் பெயரையே எழுதி உறையை ஒட்டினேன்.

கதை வெளிவந்த வாரம் எதிர்வீட்டு மாமா பத்திரிகையும் கையுமாக வந்தார்.

"முந்தின கதை யாரோ எழுதிக் குடுத்தாப்பல இருந்தது ஓய். இதுதான் உம்மாத்துக்காரி எழுதினது."

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஒரு குயர் தாள் வாங்கி வந்தேன். முதல் தாளில், கதை என்னவென்று தெரிவதற்கு முன்பே, என் பெயரை எழுதினேன்.