மூன்று முறை விழுந்த விமானம்

போன மாதம் கானாடுகாத்தானில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பெரிய வீடொன்றை இரண்டு நாளைக்கு எடுத்து நடத்தினார்கள். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் இப்போது எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று மாப்பிள்ளை வீட்டுக்கும் தெரியாது, பெண் வீட்டுக்கும் தெரியாது. தாலி கட்டுகிற நேரத்தில் முற்றத்துக்கு மேலே ஒரு ட்ரோன் ரீங்காரத்தோடு இறங்கி வந்தது. இருந்தவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள், தவில்காரர் உட்பட. நான் மட்டும், தூணில் சாய்ந்துகொண்டு அதை இயக்கிய தாடிக்காரரின் கட்டைவிரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்ல விரல்கள். பதற்றமில்லாமல், அழுத்தமாக அசைந்தன. கையிலிருந்த அட்சதையைப் போடவே மறந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற அம்மாள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நாற்பது தாண்டிய ஒரு கணக்கு டீச்சர் தாடிக்காரரை இப்படி உற்றுப் பார்த்தால் யாரும்தான் பார்ப்பார்கள்.

அந்த அம்மாளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

என் அண்ணன் பாண்டி, சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் எலெக்ட்ரீஷியனாக வெகுகாலம் இருந்துவிட்டு, நாற்பத்து மூன்று வயதில் காரைக்குடிக்குத் திரும்பி வந்தான். தெருவில் எல்லோரும் எதிர்பார்த்த சென்ட் பாட்டிலோ கோடாலித் தைலமோ அவன் பெட்டியில் இல்லை. நீளமான ஒரு அட்டைப் பெட்டி மட்டும் இருந்தது. உள்ளே மஞ்சள் நிறத்தில் ஒரு விமானம். ரிமோட்டில் பறப்பது. இறக்கையை மாட்டினால் எங்கள் சாப்பாட்டு மேஜையை விட்டு இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அப்பாவும் அம்மாவும் அவன் வருவதற்குள் காலமாகிவிட்டிருந்தார்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அவனுக்கும் ஆகவில்லை. ஆக, வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் அந்த விமானமும். சாப்பாட்டை நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், மேஜை அதற்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில், காற்று எழும்புவதற்கு முன்னால், மானகிரிப் பக்கம் ஒரு பொட்டலுக்குப் போவோம். அவன் ஸ்கூட்டர் ஓட்டுவான். நான் பின்னால் உட்கார்ந்து விமானத்தைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொள்வேன். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று முதல் இரண்டு வாரம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம் அந்த வெட்கமும் போய்விட்டது. விமானம் செம்மண் தரையை விட்டு எழும்புகிற அந்த ஒரு நொடியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அண்ணன் வாயைத் திறந்துகொண்டு நிற்பான். சின்ன வயதில் அப்பா பட்டம் விடும்போது அவன் அப்படித்தான் நின்றானாம்; அம்மா சொல்லியிருக்கிறாள்.

முதல் முறை விழுந்தது ஒரு மார்கழிக் காலையில். வட்டமடித்துத் திரும்பும்போது மூக்கு தாழ்ந்தது, அப்படியே சரிந்து கருவேலம் புதருக்குள் போய்விட்டது. முள்ளுக்குள் கையை விட்டு ஒவ்வொரு துண்டாக நான்தான் எடுத்தேன். அண்ணன் தள்ளி நின்று, “பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவன் ஏன் கையை விட்டு எடுக்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த விமானம் பால்சா என்கிற மரத்தில் செய்தது. தக்கையைவிட லேசு, நகம் பட்டாலே பள்ளம் விழும். உடைந்த சட்டத்தை நேராக்கி, முறிந்த இடத்தில் புதுத் துண்டு வைத்துப் பசை போட்டு, மேலே மஞ்சள் பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் தாள் சுருங்கி மத்தளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வந்து சாயங்காலங்களில் இதுதான் வேலை. எங்கள் வீட்டில் ஒன்றுதான் இஸ்திரிப் பெட்டி. மறுநாள் அதே பெட்டியை என் வெள்ளைப் புடவையில் வைத்தேன், மஞ்சள் அப்பிக்கொண்டது. அந்தக் கறையோடுதான் ஒரு வருஷம் குடியரசு தினக் கொடியேற்றத்துக்குப் போனேன்.

“ஏ புள்ள, அமுக்காத. நீ போர்டுல எழுதுற மாதிரி அழுத்தி வெட்டுற” என்பான் அண்ணன்.

“அப்ப நீயே வெட்டு.”

“நான் வெட்டுனா நீ எப்பப் பழகுவ?”

இந்தப் பதிலை நான் நம்பினேன். சிங்கப்பூரில் கப்பலுக்கே வயர் இழுத்தவன், ஒரு குச்சியைக்கூடத் தன் கையால் வெட்டாமல் என்னிடம் தருகிறானே என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அவன் பித்தான் வைத்த சட்டைகளை விட்டுவிட்டு டி-ஷர்ட்டுக்கு மாறினான். “வயசு திரும்புதாக்கும்” என்று கேலி செய்தேன். தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க என்னிடம் நீட்டுவான்; சோம்பேறி என்பேன். கணக்கு டீச்சர் என்று பெயர், கண்ணெதிரே இருப்பதைக் கூட்டிப் பார்க்கத் தெரியவில்லை.

இரண்டாம் முறையும் அதே மாதிரி, திரும்பும்போதுதான் விழுந்தது. இந்த முறை இறக்கை போய்விட்டது. விமானத்தின் வால் மடிப்பை ஏற்றி இறக்க உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு மோட்டார் இருக்கும். அதுதான் பழுது என்று முடிவு செய்து, புதிதாக வரவழைத்து மாட்டினோம். இதில் எங்களுக்குக் கூட்டு நசீர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் மொபைல் பழுது பார்க்கிற கடை வைத்திருந்தான், அண்ணனைவிடப் பத்து வயது சின்னவன். கடையை மூடிவிட்டு ஈயம் பற்றவைக்கிற கருவியோடு வந்துவிடுவான். இறால் வாசனை பிடிக்காது என்பான், ஆனால் நான் வைத்த இறால் தொக்கில் பாதியை அவன்தான் சாப்பிடுவான். அந்தச் சாயங்காலங்களில் எங்கள் வீட்டில் அப்படிச் சிரிப்புச் சத்தம். பசை வாசனையும் தொக்கு வாசனையும் சேர்ந்து வீடெல்லாம் நிற்கும்.

மூன்றாம் முறை விழுந்தபோது நான் எதிரிலேயே நின்றேன். காற்று இல்லை. மோட்டார் புதுசு. இறக்கையை நூல் பிடித்து அளந்து ஒட்டியிருந்தேன். திரும்பியது, மூக்கு தாழ்ந்தது, நட்டுக்குத்தாகத் தரையில் வந்து விழுந்தது. மூன்று வாரச் சாயங்காலம் ஒரு நொடியில் சிதறிக் கிடந்தது. எனக்கு வந்த கோபத்தில் சொன்னேன்:

“ஒனக்குக் கவனமே இல்லண்ணே. எதையாச்சும் ஒழுங்கா முடிச்சிருக்கியா நீ? கல்யாணத்த முடிச்சியா, வேலைய முடிச்சியா? நான் ஒட்டுறேன், நீ ஒடைக்கிற. இதுவே ஒனக்குப் பொழப்பாப் போச்சு.”

அவன் ரிமோட்டைக் கழுத்திலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டு, குனிந்து துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். ஒரு துண்டை எடுத்தான், நழுவியது. திரும்ப எடுத்தான், திரும்ப நழுவியது. கோபத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்கூட்டர் பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் நசீர் வந்தான். விமானத்தில் கோளாறு இல்லையென்றால் ரிமோட்டில்தான் இருக்க வேண்டும் என்று அதைத் திறந்தான். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“டீச்சர், இங்குட்டு வந்து பாருங்க” என்றான் நசீர். “வலது குச்சியோட ஸ்பிரிங்க யாரோ கடைசி வரைக்கும் தளத்தி வச்சிருக்காக. கம்பெனிலேருந்து இப்படி வராது.”

ரிமோட்டில் இரண்டு குச்சிகள் உண்டு. திரும்பும்போது விமானத்தின் மூக்கு தாழாமல் இருக்க, வலது கட்டைவிரலால் குச்சியைக் கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங் அதைத் திரும்ப நடுவுக்கு இழுக்கும். ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் விரலுக்குப் பலம் அவ்வளவு வேண்டாம்.

“நாந்தான் தளத்துனேன்” என்றான் அண்ணன், ஜன்னலைப் பார்த்தபடியே.

“நீங்களா? எதுக்குண்ணே?”

“வெரலு இழுக்க மாட்டேங்குது நசீரு. புடிச்சா நிக்க மாட்டேங்குது. ஆறேழு மாசமா.”

நசீர் கையிலிருந்த திருப்புளியை மெதுவாக மேஜையில் வைத்தான். அண்ணன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் அந்தக் கைக்குச் சோறு போட்டுக்கொண்டு, நான் அதைப் பார்த்திருக்கவில்லை.

மதுரையில் டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். தசைகளுக்குச் செய்தி கொண்டுபோகிற நரம்புகள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும். கை, பிறகு கால், பிறகு பேச்சு, பிறகு மூச்சு. மருந்து என்று பெரிதாக எதுவும் இல்லை. திரும்பி வருகிற பஸ்ஸில், திருப்பத்தூர் தாண்டிய பிறகு கேட்டேன், “ஏன் எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லிருந்தா நீ பிளேன விட்டுட்டு என்னையப் பாக்க ஆரம்பிச்சிருப்ப. சாயங்காலம் நீ சிரிச்சுக்கிட்டு ஒட்டுவீல்ல, அது இருக்காது.”

நான் அந்தப் பொட்டலில் சொன்னதற்கு அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. நடத்துனர் வந்து சில்லறை கேட்டார், ஒரு பாட்டியம்மா கூடையை நகர்த்தச் சொன்னார், காரைக்குடி வந்துவிட்டது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதற்கப்புறமும் விமானத்தை ஒட்டினோம். அவன்தான் பிடிவாதமாகச் சொன்னான். இந்த முறை அவன் கையில் ஒன்றும் கொடுப்பதில்லை. மேஜை ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வான், நான் வெட்டுவேன், நசீர் வயர்களைப் பார்த்துக்கொள்வான். முன்னைப் போல இல்லை. மூவரும் சிரிக்கப் பார்த்தோம், வரவில்லை. பசை காய்கிற வரைக்கும் உடைந்த இடத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷம் நான் தலையைக் குனிந்தே இருப்பேன், அவன் என் முகத்தைப் பார்க்கக் கூடாதென்று.

சித்திரை முதல் ஞாயிறு. நசீர் காரில் அழைத்துப்போனான். அண்ணன் கழுத்தில் ரிமோட்டை மாட்டி, இடது கட்டைவிரலை இடது குச்சியில் வைத்துக்கொண்டான். அந்த விரல் இன்னும் கொஞ்சம் சொன்னபடி கேட்டது. வலது கையை நான் எடுத்து வைத்தேன். அவன் விரல் மேல் என் விரல்.

“நான் சொன்னா இழு. விடுன்னா விடு. நீயா ஒண்ணும் பண்ணாத, டீச்சர் வேலயக் காட்டாத.”

நசீர் ஓடிப்போய் விமானத்தைத் தரையில் வைத்துவிட்டு விலகினான். அது ஓடியது, எழும்பியது. கருவேலங்களுக்கு மேலே ஏறி, கிழக்கே போய், திரும்பியது. “இழு, இழு, விட்றாத” என்றான். குரல் அப்போதே குழற ஆரம்பித்திருந்தது. என் விரலுக்கு அடியில் அவன் விரல் அசையவே இல்லை, ஆனால் சூடாக இருந்தது. மூக்கு தாழவில்லை. திரும்பிவிட்டது. இன்னொரு வட்டம், இன்னொன்று. நான் விமானத்தைப் பார்க்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு நின்ற அவனைப் பார்த்தேன்.

இறங்கும்போது ஒரு சக்கரம் தெறித்துப் போனதே தவிர, விழவில்லை. நசீர் கத்திக்கொண்டே ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டான். “பாத்தீகளாண்ணே, பாத்தீகளா!” அண்ணன் சிரித்தான், அப்புறம் சிரிப்பை நிறுத்த முடியாமல் அழுதான். அதுவும் அந்த நோயின் வேலை என்று பிறகு டாக்டர் சொன்னார். இருக்கலாம்.

“போதும் தாயி. இனி இத ஏத்த வேணாம்” என்றான்.

அதற்கு அடுத்த தைக்குள் அவனுக்குப் பேச்சு போய்விட்டது. எழுத்துகள் எழுதிய ஒரு அட்டையைக் காட்டுவேன், கண்ணால் எழுத்தைத் தொட்டுக் காட்டுவான். ஒரு நாள் அந்த அட்டையை வைத்துக்கொண்டு, பொட்டலில் நான் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் கண் ஒவ்வொரு எழுத்தாகப் போனது. ‘எ’, ‘ன்’, ‘ன’. அதற்குள் இருமல் வந்துவிட்டது. என்ன சொல்ல வந்தானோ. “என்ன பேசினே” என்றா, “என்ன இப்ப அதுக்கு” என்றா? திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஆவணியில் போய்விட்டான்.

நசீர் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். பெருநாளுக்குப் பெருநாள் அழைப்பான், இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுவோம். கடை இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் விற்கிறார்கள். மானகிரிப் பொட்டலில் மஞ்சள் கல் நட்டு மனை போட்டுவிட்டார்கள். கருவேலத்தை வேரோடு பிடுங்கிவிட்டதால் புதர் எது, நாங்கள் நின்ற இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

விமானத்தைப் பரண் மேல் துணி சுற்றி வைத்திருந்தேன். இரண்டு மழைக்காலம் ஏறிப் பார்க்க மனசு வரவில்லை. போன வருஷம் கூரை ஒழுகுகிறதென்று ஆள் ஏறியபோது, “அக்கா, இது என்னன்னு தெரியல” என்று இறக்கிக் கொடுத்தார். துணியைப் பிரித்தேன். கரையான் மரத்தை முழுக்கத் தின்றிருந்தது. மஞ்சள் தாள் மட்டும் வெறும் பை மாதிரி தொய்ந்து கிடந்தது. உள்ளே மண்ணும் தூளும். தூளுக்கு நடுவே கெட்டியான சின்னச் சின்ன வரிகளாக, நாங்கள் பசை போட்ட இடங்கள். கரையானுக்குப் பசை பிடிக்கவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் வைத்தேன். மூக்கு எது, இறக்கை எது, எந்தத் தடவை எது ஒட்டியது என்று எனக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லக்கூடியவன் ஒருவன்தான் இருந்தான்.